வெளிப்பூட்டு

சரக்... சரக்... என்று பின்கட்டில் ஏதோ சுரண்டிக்கொண்டிருந்தது. சுகிர்தா கண்ணைத் திறக்கவில்லை; திறந்துவிட்டால் பயம் உறுதியாகிவிடும்போல மூடியபடியே கேட்டாள். ரயில்வே காலனிக்குக் கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் இருட்டின் சத்தங்கள் எல்லாம் அவளுக்குப் பழகியிருந்தன. யார்டில் பெட்டி பெட்டியோடு முட்டுவது, அந்த அதிர்ச்சி ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசிப் பெட்டிவரைக்கும் ஓடித் தேய்வது, எஞ்சின் நின்ற இடத்தில் நின்றுகொண்டே உறுமுவது, சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி அக்கா தூக்கத்திலும் யாரையோ அதட்டுவது. இது அதில் சேர்த்தியில்லை. இதில் நகம் இருந்தது. அவசரமில்லாமல் சுரண்டியது, நிறுத்தி யோசித்தது, மறுபடி சுரண்டியது. மனிதன்தான் இப்படி நிறுத்தி யோசிப்பான் என்று தோன்றியதும் அடிவயிற்றில், பிரசவத்துக்குத் தையல் போட்ட இடத்தில், ஜில்லென்று ஒரு கோடு ஓடியது. கரண்ட் இல்லை. விசிறி நின்று வெகுநேரமாகியிருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடைத்த சிமெண்டுத் தரைகூட உடம்புச்சூட்டுக்கு வந்திருந்தது. படுக்கும்போது வாளித் தண்ணீரில் முக்கி ஜன்னலில் தொங்கவிட்ட போர்வை காய்ந்து அட்டையாகியிருந்தது. பக்கத்துப் பாயில் ஈவா, ஒன்பது மாதம், ஒட்டுத்துணி இல்லாமல் தவளை மாதிரிக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினாள். சேவியர் இல்லை. கூட்ஸ் வண்டி கார்டுக்கு எப்போது டூட்டிக்குக் கூப்பிடுவார்கள், எப்போது விடுவார்கள் என்பது அவனுக்கே தெரியாது; நேற்று சாயங்காலம் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு ஈரோட்டுப் பக்கம் போனவன் இந்நேரம் எந்தச் சிக்னலுக்குக் கீழே காத்து நிற்கிறானோ. எழுந்து போய்ப் பார்ப்பதா, பேசாமல் கிடப்பதா? பார்க்காதவரைக்கும் அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். பார்த்தால் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஒன்று தேவலை என்று போனை எடுத்துக்கொண்டு போய் அடுப்படி ஜன்னல் வழியாக வெளிச்சம் அடித்தாள். துவைக்கிற கல்லின் அடியில் ஈரம் ஊறிய மண்ணைத் தோண்டி, அந்தக் குழியில் வயிற்றை வைத்துப் படுக்க ஒரு தெருநாய் இடம் பண்ணிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி, இதிலுமா உனக்கு ஆட்சேபணை என்பதுபோல அவளைப் பார்த்தது. சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு நாய். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவாள், குழந்தை உள்ளே இருக்கும், அப்போது சுரண்டுவது எதுவானாலும் எழுந்து பார்க்க இந்த வீட்டில் ஆள் இருக்காது. அதை நினைத்துக்கொண்டே பல் தேய்த்தாள். அதை நினைத்துக்கொண்டே ஷூவைத் தேடினாள். பயம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகத் தனித்தனியே வேலை செய்யப் பழகியிருந்தன.

முதலில் பால். மார்பு கனத்துக்கொண்டு ஓடினால் ஒவ்வோர் அடிக்கும் கல் குலுங்குவதுபோல வலிக்கும், ஈவாவும் நடுவில் பசித்து எழுந்துவிடுவாள். ஆகவே தூக்கத்திலேயே வாயில் வைத்து இரண்டு பக்கமும் காலி செய்ய வேண்டும். குழந்தை கண் திறக்காமல் குடித்தது. இப்படி உறங்குகிறவளுக்குத் தெரியாமல் ஊட்டிவிட்டு நழுவுவதற்கு என்ன பெயர் என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. அவள் படித்த கான்வென்ட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, சின்னப் பாவம், பெரிய பாவம், செய்யாமல் விட்ட பாவம் என்று. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்தாள். குழந்தைக்குச் சூடு தெரியாமல் இருக்கட்டும் என்று போர்வையை மறுபடி முக்கி ஜன்னலில் போட்டாள். போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. தலையணைகளைப் பாயைச் சுற்றி அணை கட்டினாள். சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, சத்தம் வராமல் சேர்த்து அமுக்கிப் பூட்டினாள். இந்தக் காலனியில் வெளியே தொங்கும் பூட்டுக்கு வேறு அர்த்தம். ராத்திரி முழுக்க வண்டியில் கிடந்துவிட்டு வந்த டிரைவரோ கார்டோ படுத்தால், பெண்டாட்டி கதவை வெளியே பூட்டிக்கொண்டுதான் தண்ணீருக்கோ கடைக்கோ போவாள். பூட்டைப் பார்த்தால் பால்காரர் மணி அடிக்கமாட்டார், கேபிள்காரப் பையன் தட்டமாட்டான், பிள்ளைகள் அந்தச் சுவரில் பந்து எறியமாட்டார்கள். வேறு ஊரில் பூட்டு என்றால் வீட்டில் ஆளில்லை. இங்கே ஆள் இருக்கிறது, தூங்குகிறது, எழுப்பாதே. அந்த மரியாதையைத்தான் அவள் திருடிக்கொண்டிருந்தாள். பூட்டைப் பார்க்கிற கஸ்தூரி அக்கா, சேவியர் விடியலுக்கு வந்து படுத்திருக்கிறான், புள்ளையை அவனிடம் விட்டுவிட்டு இவள் ஓடப் போயிருக்கிறாள் என்று நினைப்பாள். நினைக்கட்டும் என்றுதான் பூட்டுவது. ஆனால் உள்ளே குழந்தை வீறிட்டால்கூட, அப்பன் இருக்கிறான் என்று சும்மா இருந்துவிடுவாள் அல்லவா? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை ஒரு முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றுவிடும். பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்குவதுதான் வழி.

ஓடத் தொடங்கினாள். தெருவிளக்குகளும் இல்லாததால் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் இருட்டு அப்படியே தேங்கியிருந்தது, காலில் மிதிபட்டால் சளசளக்கும்போல. கத்திரி வெயில் பிறந்து ஒரு வாரம். பகல் குடித்த சூட்டை ரோடு ராத்திரி முழுக்கக் கக்கியும் தீரவில்லை. கணுக்கால்வரை ஒரு சூடு, அதற்குமேல் காற்றே இல்லாத இன்னொரு சூடு. மாதா கோயில், தண்ணீர்த் தொட்டி, ரயில்வே இன்ஸ்டிட்யூட் மைதானம், அங்கிருந்து திரும்பிக் குவார்ட்டர்ஸ் வரிசை, வீடு. இதுதான் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வீட்டு ஜன்னலுக்கு நேரே வரும்போது மூச்சை அடக்கி நாலு அடி எடுத்துவைப்பாள். சத்தமில்லை என்றால் அடுத்த சுற்று அவளுடையது. மூச்சுக்குக் கணக்கு வேறெதுவும் அவளுக்குத் தெரியாது, ஹெய்ல் மேரிதான். பாதி ஜெபத்துக்கு இழுப்பு, பாதிக்கு விடுப்பு. கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபபியோலா விசில் ஊதிக்கொண்டே சொல்லிக்கொடுத்தது அது, ஜெபமும் ஆயிற்று டைமிங்கும் ஆயிற்று என்று. பக்தியில்லாமல் சொல்லிச் சொல்லி வார்த்தைகள் தேய்ந்து இப்போது அது வெறும் காற்று. முதல் சுற்று எப்போதும் பொய். உடம்பு வேறு யாருடையதோ மாதிரி முரண்டும், முட்டி கேள்வி கேட்கும், தையல் இழுக்கும். இரண்டாவதில் வியர்வை வரும். வந்ததும் அவள் முழங்கையை மடித்து நக்கிப் பார்ப்பாள். உப்பு. உப்பு இருந்தால் உயிர் இருக்கிறது. கூடப் படித்த லிண்டாவுக்கு உப்பு இருக்கவில்லை. மாவட்டப் போட்டி, பத்தாம் வகுப்பு, மதிய வெயில், மூவாயிரம் மீட்டர். முன்னால் ஓடிய லிண்டாவின் முதுகு ஈரமாக இருந்து, ஈரமாக இருந்து, ஏதோ ஒரு வளைவில் காய்ந்துபோனது. துணி வெளுப்பாகக் காய்ந்ததைப் பின்னால் ஓடிய சுகிர்தா கண்ணால் பார்த்தாள், என்னடா இவளுக்கு வேர்க்கவில்லை என்று பொறாமைகூடப் பட்டாள். அடுத்த வளைவில் லிண்டா ட்ராக்கை விட்டு விலகி, யாரோ கூப்பிட்டதுபோலப் புல்வெளியை நோக்கி நடந்து, நடந்துகொண்டே மடிந்தாள். தொட்டவர்கள் அடுப்பைத் தொட்டதுபோலக் கையை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஓடுவதை மட்டும் விட்டுவிட்டாள், இப்போது துபாயிலோ எங்கோ கணக்குப் பார்க்கிறாள். ஆனால் அந்த விலகிய நடை. வலியே இல்லாத முகம். உடம்பு கைவிடும்போது முன்கூட்டிச் சொல்லாது, சந்தோஷமாக இருப்பதுபோல இருக்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். ஜன்னல். நாலு அடி. சத்தமில்லை. உப்பு இருக்கிறது. போ.

ஜூன் முதல் வாரம் மதுரையில் செலக்‌ஷன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, ஐயாயிரம் மீட்டர். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், ஆகவே இது ஒன்றுதான். கூடப் படித்த கிருபா, சென்னையில் போலீஸ்காரியாக இருக்கிறவள், தினமும் போனில் பேசி அனுப்புவாள். "ஏய் சுகி, போன தடவை மத்தியானம் மூணு மணிக்கு ஓடவிட்டானுங்கடி. காலைல ட்ராக்குல வேற ஏதோ ஃபங்ஷன். நீ பாட்டுக்கு அஞ்சு மணிக்கு இருட்டுல ஜில்லுனு ஓடிப் பழகிட்டு வந்து நிக்காத, பொசுங்கிடுவ. வெயில்லயும் கொஞ்சம் கொஞ்சமா ஓடு. உடம்புக்குச் சொல்லிக் குடுடி, அது மக்கு, திரும்பத் திரும்பச் சொன்னாத்தான் ஏறும். உன்ன மாதிரியே." ஜில்லென்றாம். வெயிலில் ஓடத்தான் வேண்டும், தெரியும். அதனால்தான் இன்றைக்குச் சூரியன் ஏறியபிறகும் இரண்டு சுற்று கூட்டுவதாகத் திட்டம். சேவியர் தடுக்கிறவன் இல்லை. "ஓடு, யாரு வேணாங்கிறா" என்றுதான் சொன்னான், சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல். "நான் வீட்ல இருக்கிற அன்னிக்கு ஓடு. புள்ளைய நான் பாத்துக்கிறேன்." நியாயமான பேச்சு. அவன் வீட்டில் இருக்கிற அன்னிக்கு என்பது வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் அதுவுமில்லை. மீதி நாளில் ஓடுவது அவனுக்குத் தெரியாது. சொன்னால் கத்தமாட்டான், அதுதான் கஷ்டம். ஒருமுறை பார்ப்பான், பிறகு செலக்‌ஷனைப் பற்றிப் பேச்சே இருக்காது. யாரையாவது கேட்கலாம். யாரை? ஒரு சுவர் தள்ளிக் கஸ்தூரி அக்கா இருக்கிறாள், டிரைவர் பெண்டாட்டி, பிள்ளைகள் இரண்டும் வெளியூர் ஹாஸ்டலில், பொழுது போகாமல் கிடக்கிறாள். ஆனால் சித்திரை பிறந்த புதிதில் இவள் ஷூவோடு படியிறங்கியதைப் பார்த்து அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பால் குடுக்கிற உடம்பு. இந்த ஓட்டம் ஓடுனா பால் கொதிச்சுப் புள்ளைக்கு வயித்தால போவும். ஓடி என்ன, எந்த ரயிலப் பிடிக்கப் போற?" காலனியே சிரித்தது. அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? கான்வென்ட்டில் கேட்பதற்கு ஒரு சூத்திரம் இருந்தது, மே ஐ, சிஸ்டர் என்று ஆரம்பித்தால் பாதி கிடைத்த மாதிரி. தமிழில் எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பித்தாலும் கையேந்துவது மாதிரி இருந்தது. மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்திருக்கிறாள், அக்கா ஒரு சின்ன ஹெல்ப் என்று, அந்த ஹெல்ப் என்ற வார்த்தையிலேயே வாய் ஒட்டிக்கொள்ளும். ஜன்னல். நாலு அடி. சத்தமில்லை. கேட்காமல் சமாளித்துக்கொள்கிறவள் கெட்டிக்காரி. கேட்காமல் சமாளித்துக்கொள்கிறவள் ஒருநாள் மாட்டிக்கொள்வாள். இரண்டும் ஒரே வாக்கியத்தின் இழுப்பும் விடுப்பும்போல மாறி மாறி வந்தன.

வானம் சாம்பலாகி, சாம்பல் மஞ்சளாகி, மைதானத்தின் கிழக்கு மூலையில் திடீரென்று வெயில் நின்றது. இந்த மாதத்தில் காலை வெயில் என்று தனியாக ஒன்று கிடையாது. வந்தவுடனேயே வயதான வெயில். முதுகில் உள்ளங்கையை வைத்து அமுக்குவதுபோல அது அவளை அமுக்கியது. இதற்குத்தானே வந்தாய், ஓடு. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நுழைந்து வெளியே வந்தபோது நிழலுக்குள் இருந்த அந்த ஒரு நொடி எவ்வளவு பெரிய வீடு என்று தோன்றியது. நாக்கு தடித்தது. காதுக்குள் இதயம். முழங்கையை நக்கினாள்: உப்பு. நல்லது. ஈவாவுக்கும் வேர்த்திருக்கும், போர்வை காய்ந்திருக்கும், வெயில் அந்த ஜன்னல் பக்கம்தான் முதலில் விழும். போர்வையை நனைத்தோம். வாளியில் முக்கிப் பிழிந்தோம். பிழிந்து ஜன்னலில் போட்டோம். அப்புறம் வாளியை? அப்புறம் வாளியைத் தூக்கிக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். சாத்தினோமா? கை வாளியின் கம்பியைப் பிடிப்பதும், தண்ணீர் தளும்பிப் பாதத்தில் விழுவதும், கதவுக் கொண்டியைப் போடுவதும் தெளிவாகத் தெரிந்தது. அது நேற்று. பாதத்தில் விழுந்தபோது வெறுங்கால். இன்றைக்கு ஷூ போட்டபிறகுதான் போர்வையை நனைத்தாள், ஷூ நனையவில்லை. குனிந்து பார்த்தாள், ஓடிக்கொண்டே. நனையவில்லை. நிதானமாகத் தூக்கியிருப்பாள், தளும்பியிருக்காது. போன் அதிர்ந்ததே, அது எப்போது? பிழிந்துகொண்டிருக்கும்போது. கிருபாவாக இருக்கும் என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனாள், கிருபா இல்லை, கரண்ட் பில் கட்டச்சொல்லி வந்த செய்தி. அப்புறம் தலையணை. தலையணையை அடுக்கியது தெரிகிறது. அப்புறம் சாவி. நடுவில் வாளி இல்லை. முந்தாநாள் கை தெரிகிறது, நேற்றைய கை தெரிகிறது, இன்றைய கையை மட்டும் காணோம். எத்தனை தடவை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தாலும் போன் அதிர்ந்த இடத்தில் படம் அறுந்து தலையணையில் ஒட்டிக்கொண்டது. அரை வாளி இருக்கும். அரைக்கும் கொஞ்சம் மேலே. ஈவா தலையணையைத் தாண்டிவிடுவாள், நாலு நாளாக எதையும் தாண்டிவிடுகிறாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். இதை நினைத்தபோது மைதானத்தின் தொலைமூலையில் இருந்தாள். காலனியிலேயே வீட்டுக்கு அதிகமாகத் தூரமான இடம் அது.

ஓடினாள். இதுவரை ஓடியது ஓட்டமில்லை என்று உடம்புக்குத் தெரிந்தது. ஜெபம் இல்லை, கணக்கு இல்லை, வெயில் இல்லை. மாதா கோயில் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. யாரோ "என்னம்மா, என்னம்மா" என்றார்கள். ரோடு காலுக்கு அடியில் மெதுவாக, மிகவும் மெதுவாகப் பின்னால் போனது. ஒன்றும் இருக்காது, தூங்கிக்கொண்டிருப்பாள், நீ சிரிக்கப் போகிறாய். ஒன்றும் இருக்காது என்று இப்படித்தான் எல்லாரும் ஓடியிருப்பார்கள். பூட்டு. சாவி ஜெபமாலையில் சிக்கிக்கொண்டது, இழுத்தாள், மணிகள் கழுத்தை அறுத்தன, வேர்த்த விரலில் சாவி வழுக்கிப் பூட்டின் முகத்தில் கீறிக்கொண்டே போனது, பூட்டைப் பிடித்து இழுத்து இழுத்துக் கதவோடு அடித்தாள், பிறகுதான் திறந்தது. ஈவா நின்றுகொண்டிருந்தாள். இதுவரை அவள் நின்றதே இல்லை. அறையின் நடுவில் வாளியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்புறத்தை ஆட்டியபடி, சொந்தக் காலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி மயிர் நனைந்து ஒட்டியிருந்தது, தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த முகம் ஒருமுறை உள்ளே போய்விட்டு வந்திருந்தது. கதவுச் சத்தத்துக்குத் திரும்பி, அம்மாவைப் பார்த்து, பார்த்தாயா நான் எப்படி நிற்கிறேன் என்று சிரித்து, சிரித்த சிரிப்பில் ஒரு கையை விட்டாள். அந்த அறை அவ்வளவு நீளம் என்று சுகிர்தாவுக்கு அதுவரை தெரியாது. குழந்தையை வாரியெடுத்தபோது வாளி சாய்ந்து தண்ணீர் தரையெல்லாம் பாய்ந்தது. அவள் அப்படியே அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தாள். ஈவாவின் உச்சந்தலை, காது, விரல் இடுக்கு எல்லாவற்றையும் முகர்ந்தாள். குழந்தைக்குக் கோபம், தண்ணீர் போய்விட்டதே என்று கைகாட்டி அழுதது.

"என்னடி இது, பூட்டப் போட்டு இந்த இழு இழுக்கிற. உள்ள தம்பி தூங்குது, எந்திரிச்சிரப் போவுது" என்று சொல்லிக்கொண்டே, அவிழ்ந்த கொண்டையும் கையில் பனையோலை விசிறியுமாகக் கஸ்தூரி அக்கா வாசலில் வந்து நின்றாள். பாயைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். "எங்க தம்பி?"

"டூட்டிக்கு, அக்கா."

"எப்பப் போச்சு?"

"நேத்து சாயங்காலம்."

கஸ்தூரி அக்கா கதவில் தொங்கிய பூட்டைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபிறகு உள்ளே வந்து, ஈரத்தில் சேலையைத் தூக்கிக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்தாள். "போன வாரம் ஒருநா புள்ள அழுதுச்சே" என்றாள். "நான் சுவத்துக்கு அந்தாண்ட உக்காந்து, ஒரு புள்ளையத் தூக்கிச் சமாதானம் பண்ணத் தெரியலையே, இவனெல்லாம் ஒரு அப்பனான்னு சேவியரத் திட்டிக்கிட்டு இருந்தேன்." சுகிர்தா நிமிர்ந்தாள். போன வாரம் அவள் திரும்பி வந்தபோதெல்லாம் ஈவா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அழுது ஓய்ந்த தூக்கமும் அப்படியேதானே இருக்கும், வெளியே வித்தியாசம் தெரியாது. ஜன்னலுக்கு நேரே நாலு அடி. அந்த நாலு அடிக்கு வெளியே, அழுகை கேட்காத சுற்று முழுக்க இருந்திருக்கிறது. "எவ்வளவு நேரம்கா அழுதா?" என்றாள். "எனக்கென்ன தெரியும். நான் அவனத் திட்டுறதுல இருந்தேன்." விசிறியால் தன் கழுத்துக்கு இரண்டு வீசு, குழந்தைக்கு இரண்டு வீசு. "நடுவுல ஒரே சுவரு. தட்டுனா எனக்குக் கேக்காதா? உனக்கு வாயில்லையா?"

"கேட்டா வேணாம்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான். ரெண்டு நாள் சொல்லியிருப்பேன். மூணா நாள் வாய் வலிச்சு, வந்து படுத்திருப்பேன்." ஈவா அம்மாவின் நெஞ்சில் வாயைத் தேடினாள். "இந்தா, ஓடுன சூட்டோட குடுக்காத. ஆறட்டும்." பாலுக்கு அப்படியெல்லாம் சூடு ஏறாது என்று பள்ளிக்கூடத்து அறிவு ஒன்று சுகிர்தாவின் நாக்குவரை வந்தது. முதல்முறையாக அது அங்கேயே நின்றுகொண்டது. ஆறட்டும் என்று காத்திருந்தாள். தரைத் தண்ணீர் ஓரமாக ஓடி வடிந்தது, ஜன்னல் போர்வையில் வெயில் ஏறி அதை ஒரு மஞ்சள் பலகையாக ஆக்கியது, கஸ்தூரி அக்கா தான் பெற்றதில் ஒன்று அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்ட கதையைச் சொன்னாள், சொல்லிவிட்டு அவளே சிரிக்காமல் நிறுத்தினாள். பிறகு பால். ஈவா குடித்தபடியே சொக்கினாள். மார்பில் அந்தச் சின்னச் சுவாசத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு சுகிர்தா தன் ஷூவைப் பார்த்தாள். கழற்ற வேண்டும். கழற்றிப் பரணில் போட வேண்டும். அதுதான் ஒழுங்கு, அதுதான் தண்டனை, எவளும் அதைத்தான் செய்வாள். கழற்றினால் இன்றைக்கு மட்டும் கழற்றுவதாக இருக்காது என்றும் தெரிந்தது. ஒருநாள் ஈவா வளர்ந்து எதற்கோ ஏங்கும்போது, உனக்காகத்தான் விட்டேன் என்று இவள் வாயால் சொல்கிற குரல்கூடக் கேட்டது. அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடக்கூடாது. ஓடாமலும் இருக்கமுடியாது. இரண்டுக்கும் நடுவில் இத்தனை நாளாக ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தாள். அங்கே தொங்க வேண்டியது பூட்டில்லை, ஒரு ஆள். ஆளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று வழக்கம்போல யோசித்தாள், யோசித்து முடிப்பதற்கு முன்னால் வாய் ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, நான் ஓடணும். பிள்ளைய நீங்க பாத்துக்கணும்."

"தினமுமா?"

"ஜூன் வரைக்கும். தினமும்."

"இப்பவுமா?"

சுகிர்தா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ரோடு வெள்ளையாகிவிட்டிருந்தது. செலக்‌ஷனில் இதைவிட வெள்ளையாக இருக்கும். "ரெண்டு சுத்து பாக்கி" என்றாள். அது கெஞ்சலாகவும் இல்லை, உரிமையாகவும் இல்லை.

கஸ்தூரி அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன பொம்பளையோ நீ" என்று குழந்தையை வாங்கிப் பாயில் கிடத்தி, தானும் பக்கத்தில் சாய்ந்து, விசிறியை மாற்றுக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "எங்க வீட்லயும் கரண்ட் இல்ல, இங்கயும் இல்ல, எங்க கெடந்தா என்ன. ஆனா ஒண்ணு. சேவியர் வந்ததும் நீயே சொல்லிரணும். நான் சொன்னா ஒண்ணப் பத்தாச் சொல்லுவேன், அது எனக்கே தெரியும்."

"சொல்லிடுறேன்."

"வாளியக் கவுத்து வச்சுட்டுப் போ. அந்தப் பூட்டையும் எடுத்து உள்ள போடு, கண்ணுல படாம."

இரண்டையும் செய்தாள். பாயருகே மண்டியிட்டு ஈவாவின் பாதத்தை, இன்றைக்கு முதல்முதலாக எடையைத் தாங்கிய அந்த உள்ளங்காலை, ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தாள். சுருக்கம் சுருக்கமாகத் தண்ணீரில் ஊறியிருந்தது. படியில் இறங்கியதும் வெயில் அவளை நேருக்கு நேர் பிடித்தது. கால் ரோட்டுக்கு வந்தபிறகும் மனது அறைக்குள்ளேயே நின்றது, தூங்குகிறவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு. அக்காவும் தூங்கிவிட்டால்? தூங்கினாலும் ஒரு கை பிள்ளைமேல் கிடக்கும். கிடக்குமா? கிடக்கும். இந்தப் பயம் போகப்போவதில்லை, இனி இதையும் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இவ்வளவு நாள் தூக்கியது இதைவிடக் கனம்.

"நிக்காத, வெயில் உள்ள வருது" என்று கஸ்தூரி அக்கா எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். சுகிர்தா ஓடவில்லை. அசையாமல் நின்று கேட்டாள். உள்ளே இரும்பு உராய்ந்தது, பாதியில் நின்றது. கதவை யாரோ தோளால் ஒரு முட்டு முட்டினார்கள். "ஒரு சொட்டு எண்ணெய் விடத் தெரியல, இவனெல்லாம் ரயில்ல கார்டாம்" என்று சேவியருக்கு ஒரு திட்டு விழுந்தது. மறுபடி ஒரு முட்டு. பிறகு தாழ்ப்பாள் முழுசாக நகர்ந்து, தன் குழியில் போய் உட்கார்ந்தது.